முன்வாசலைச் சாத்திய குற்றத்துக்கு

மாரிகுப்பம்,
வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

உயர்திரு. மனோகர் அவர்களுக்கும், தங்கள் துணைவியார் திருமதி. பாக்யலட்சுமி அம்மாள் அவர்களுக்கும், மாரிகுப்பம் மு. சம்பங்கி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி ரத்தினம்மாவும், மகள் நளினியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுத மனம் துணியவில்லை. பேக்டரி குவார்ட்டர்ஸில் தாங்கள் அனைவரும் நலமாக இருக்கவும், அம்மாளின் பட்டுச்சேலையில் பட்ட கறை முழுவதும் போயிருக்கவும் கோலாரம்மனை வேண்டுகிறேன்.

'அன்புள்ள சம்பந்தி' என்று ஆரம்பித்து எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த உரிமை எனக்குப் போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை மணியோடு முடிந்துவிட்டது என்று தரகர் சொல்லிவிட்டார். 'ஐயா' என்று போட்டால் முனிசிபாலிட்டிக்குக் கொடுக்கும் மனு மாதிரி இருக்கிறது. ஆகையால் மனோகர் அவர்களே என்றே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

ஜாதகத்தில் ஏதோ தோஷம் தெரிகிறது, வேண்டாம் என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பினீர்கள். தங்கள் பெருந்தன்மை அது. தோஷம் ஜாதகத்தில் இல்லை, பெண்ணைப் பெற்றவன் மண்டையில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு வேனில் வந்த பதினோரு பேருக்கும் தெரியும். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். முழுசும் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், ஆனால் பெண்ணைத் தள்ளாதீர்கள். நாலு வரனை வேண்டாம் என்று சொன்னவள், தங்கள் மகன் கிரண் போட்டோவைப் பார்த்துத்தான் முதல் தடவையாகச் 'சரிப்பா' என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் ரெண்டு வருஷம் காத்திருந்தோம்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. தை மாசம் ராபர்ட்சன்பேட்டையில் பழைய சாமான் கடைக்கு, ஓடாத மிக்சியை எடைக்குப் போடப் போனேன். போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கலாம். அங்கே ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. அட்டை போய், பேர் போட்ட பக்கமும் போய், நடுவில் கரையான் தின்றது போக மீதி இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதியது. நம்ம ஊரில் தினம் கண்ணில் படுகிற சாதாரணப் பறவைகளைப் பற்றியது. காக்கா, மைனா, தவிட்டுக்குருவி இதுங்களையெல்லாம் பக்கத்து வீட்டு ஆளுங்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவ்வளவு அன்பாக எழுதியிருக்கான். நிலத்துக்கடியில் போகிறவனைக் கணக்குப் பார்த்தே பாதி ஆயுசு போனவன் நான். மேலே பறக்கிறது ஒண்ணு இருக்கிறது என்பதே அறுபத்தெட்டு வயசில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் துரை முதல் பாடத்திலேயே இன்னா எழுதறான்னா, காட்டுக்கெல்லாம் போக வேணாம், உன் வீட்டு வராண்டாவுல நீட்டு நாற்காலி போட்டுச் சாஞ்சுக்கோ, பட்லரை டீ கொண்டுவரச் சொல்லு, ஒரு மணி நேரம் ஆடாம அசையாம இரு, பறவைங்க தானா வரும்ங்கறான். எங்களுது தங்க மைன்ஸ் ஆளுங்களுக்குக் கட்டின லைன் வீடு, வராண்டாவே நாலடி. நீட்டு நாற்காலிக்கு எங்க போறது, ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் சேர் போட்டுக்கினேன். ரத்தினம்மாவைப் பார்த்து, "டீ கொண்டா, ஆனா பேசாம வெச்சுட்டுப் போயிடணும்"னேன். "இன்னாயா, துரைக்கு வேற இன்னா வேணும், விசிறி விடணுமா"ன்னா. அன்னிலேர்ந்து எனக்கு ரெண்டாவது டீ நின்னுபோச்சு. அதோட முடிஞ்சுதா, எதிர்வீட்டு பிலோமினா அம்மா ரிட்டயர்டு நர்ஸு, ஒரு மணி நேரமா நான் கண்ணைத் திறந்துக்கினு ஆடாம உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு, பக்கவாதம்னு நெனச்சு பி.பி. மெஷினைத் தூக்கிக்கினு ஓடி வந்தாங்க. வாயைக் கோணிக் காட்டுங்க, கையைத் தூக்குங்கன்னாங்க. நான் பேசினா மைனா பறந்துடும்னு பேசாமலே இருந்தேன். தெருவே கூடிப்போச்சு.

அந்தப் புத்தகத்துல இன்னொரு பேஜாரு இன்னான்னா, சாதாரணம்னு அவன் போட்டிருக்கறதெல்லாம் இப்ப சாதாரணம் இல்ல. பிணந்தின்னிக் கழுகை எந்த ஊர்லயும் தினம் பார்க்கலாம், அதைப் பத்தி எழுதவே வேணாம்ங்கறான். நான் நம்பி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல கறிக்கடைக்கு முன்னாடி மூணு நாள் நின்னேன். நாலாவது நாள் கடைக்காரன், "தாத்தா, எலும்பு வேணும்னா கேட்டு வாங்கிக்கினு போங்க, சும்மா மேல மேல பாக்காதீங்க, கஸ்டமர் பயப்படறாங்க"ன்னு அரைக்கிலோ எலும்பு கட்டிக் குடுத்துட்டான். கழுகு வரல. சூப்பு வெச்சுக் குடிச்சோம்.

இனிமேதான் தாங்கள் கேட்ட அந்தப் பலகை விஷயம். அன்னிக்குத் தாங்கள் கூடத்துச் சுவத்தைப் பார்த்து, "இது இன்னாங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டீங்க. நான் சொன்ன பதில் சரியா வெளங்கியிருக்காது, ஏன்னா எல்லாத்தையும் கிசுகிசுன்னுதான் சொன்னேன். நான் மைன்ஸ்ல டைம் ஆபீஸ்ல இருந்தவன். சுரங்கத்துக்குள்ள ஷாஃப்ட்ல இறங்கறவன் ஒவ்வொருத்தனும் அவன் நம்பர் அடிச்ச பித்தளைப் பில்லையை ஆணியிலேர்ந்து எடுத்துக்கினு இறங்குவான், ஷிப்ட் முடிஞ்சு மேல வந்ததும் திருப்பி மாட்டுவான். ஒரு ஆணி காலியா கீதுன்னா ஒருத்தன் இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். அவன் வர்ற வரைக்கும் நான் ஜன்னலை மூடிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. மைன்ஸ் மூடினாலும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகல. நளினி பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்து விடியக்காலை ரயிலுக்குப் போக ஆரம்பிச்சதும், வீட்லயே ஒரு பலகை அடிச்சேன். அவ பில்லை அவ கைப்பையில போவும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து மாட்டுவா. மாட்டற வரைக்கும் நான் கதவைத் தாழ்ப்பா போட மாட்டேன். சலிச்சுக்குவா, ஆனா ஒரு நாளும் மறந்ததில்ல.

புத்தகம் வந்தப்பறம் பவுடர் டப்பாவை வெட்டி, அதுல இருக்கற முப்பத்திரண்டு பறவைக்கும் பில்லை செஞ்சு அதே பலகையில மாட்டினேன். அதுங்க இரை தேடப் போனா பில்லை என் சட்டைப் பைக்கு வரும், திரும்பி வந்தா ஆணிக்குப் போவும். ரத்தினம்மாவுக்கும் ஒரு பில்லை உண்டு, அதுக்குப் பக்கத்து ஆணியில காக்கா பில்லையை மாட்டினது என் தப்பு. ரெண்டு நாள் அந்தச் சண்டைக்கே போச்சு. கழுகு ஆணி மட்டும் இன்னிக்கு வரைக்கும் காலிதான்.

இப்படி நான் பாட்டுக்கு ஆபீஸ் நடத்திக்கினு இருந்தப்ப, கொண்டைக்குருவி ஜோடி ஒண்ணு, புல்புல்ங்கறாங்களே அது, பொங்கலுக்கு நாங்க முன்வாசல் மேல கட்டின பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்துல கூடு கட்டிடுச்சு. மூணு முட்டை. துரை இன்னா எழுதறான்னா, அடைகாக்கறப்ப தொந்தரவு பண்ணினா கூட்டை அப்படியே விட்டுட்டுப் போயிடும், அப்பால திரும்பிக்கூடப் பார்க்காதுங்கறான். அதான் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பால்காரர், கேஸ்காரர், ரத்தினம்மா, எல்லாரும் பின்வாசல். பிலோமினா அம்மா பூனை முன்பக்கம் வராம இருக்க கேட்ல முள்ளு கட்டினேன். பன்னிரண்டாவது நாள் தாங்கள் பெண் பார்க்க வந்தீர்கள்.

அதுக்கு முந்தின நாள் அம்மாளுக்கு போன் பண்ணினேன் பாருங்க, அந்தக் கையை ஒடிக்கணும். பறவை பார்க்கறவங்க பளபளன்னு உடுத்தக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. நானும் ரொம்பப் பணிவாத்தான், "அம்மா, பட்டு வேணாம், மண்ணு கலர்ல, காஞ்ச எல கலர்ல எதனா கட்டிக்கினு வாங்க"ன்னேன். அம்மாள், "நாங்க பொண்ணு பார்க்க வரோமா, துக்கம் விசாரிக்க வரோமா"ன்னாங்க. நான், "எதுக்கு வந்தாலும் சரிம்மா, சத்தம் போடாம வந்தா போதும்"னேன். மறுநாள் கிளிப்பச்சைப் பட்டுல வந்து இறங்கினாங்க. தப்பு அவங்க மேல இல்ல.

வேன் வந்ததும் நான் வாயில விரலை வெச்சுக்கினு தெருமுனைக்கே ஓடி வந்தேன். பூவும் பழமும் வெச்ச தட்டோட தங்களை எல்லாம் சந்து வழியா, சாக்கடையைத் தாண்டி, பாத்ரூமைச் சுத்தி, பின்வாசலுக்கு இட்டுக்கினு வந்தேன். வலது காலை எடுத்து வெச்சு வரணும்னு அம்மாள் பார்த்தாங்க, அங்க படியே இல்ல, துவைக்கிற கல்லுதான் கீது. "எங்க வீட்ல பால்காரர்கூட முன்வாசல்லதான் வருவாரு"ன்னு சொன்னாங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு, மனசுல விழல. மனசு பூரா தோரணத்துல இருந்துச்சு. எல்லாரையும் மெதுவாப் பேசச் சொல்லியிருந்தேன், அதனால ரத்தினம்மா 'வாங்க'ன்னதும் யாருக்கும் கேக்கல, நளினி காப்பி குடுத்துட்டு, 'எடுத்துக்குங்க'ன்னதும் கேக்கல. தங்கள் பெரியப்பா தரகரைக் கூப்பிட்டு, "பொண்ணு ஊமையா, குடும்பமே ஊமையா"ன்னு விசாரிச்சார். அதுவும் எனக்கு அப்பறம்தான் தெரியும்.

சரி, அதோடயாவது விட்டேனா. தரகர் நட்சத்திரம், ராசின்னு சொல்லிக்கினு இருக்கறப்ப எதேச்சையா பலகையைப் பார்க்கறேன், பெண் புல்புல் ஆணி காலியா கீது. அரை மணி நேரம் ஆயிடுச்சு, ஆளைக் காணோம். நான் எழுந்து போய் முன்கதவு சாவி ஓட்டையில கண்ணை வெச்சு நின்னுட்டேன். தாங்கள் ரெண்டு தடவை, "சம்பந்தி, சம்பந்தி"ன்னு கூப்பிட்டீங்களாம். கடைசி முறையா என்னை அப்படிக் கூப்பிட்டீங்க, நான் திரும்பிக்கூடப் பார்க்கல. இதை நெனச்சா எனக்குச் சோறு இறங்கல, மனோகர் அவர்களே.

அம்மாள் எழுந்து, "வந்த வழியா நான் போக மாட்டேன், இந்த வழியாத்தான் போவேன்"னு முன்கதவுக்கு வந்தாங்க. நான் குறுக்க கையை விரிச்சு நின்னேன். பெண்ணைப் பெத்தவன் பண்ற காரியமா அது. தங்கள் பெரியப்பாவும் மச்சானும் சேர்ந்து தாழ்ப்பாளை இழுத்தாங்க. பன்னெண்டு நாளா சாத்தின கதவு, உப்பிப்போய் இறுகிக் கெடந்துச்சு. மூணாவது இழுப்புல தடால்னு திறந்து, தோரணத்து ஆணி ஒரு பக்கம் பிச்சுக்கினு, கூடு சாஞ்சுபோச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் தாய்க்குருவி திரும்பி வந்துச்சு. பயந்து பறந்தப்ப அம்மாள் தோள்பட்டை மேல போட்டுட்டுப் போயிடுச்சு. அது உண்ணிப்பழம் தின்ன குருவி, கறை லேசுல போவாதுன்னு நான் அங்கயே விளக்கிச் சொன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

தாங்கள் எல்லாம் கோபமா வேனுக்குப் போயிட்டீங்க. அப்பறம் வாசல்ல நடந்தது தங்களுக்கு முழுசாத் தெரியாது, அதை மட்டும் சொல்லிடறேன். தங்கள் மகன் கிரண் அந்தக் குட்டைக்கால் சேர் மேல ஏறி, சாஞ்ச கூட்டை ரெண்டு உள்ளங்கையிலயும் ஏந்திக்கினு நின்னுட்டார். வேன்காரன் ஆரன் மேல ஆரன் அடிச்சான். தாங்களே கேட் வரைக்கும் வந்து, "இன்னாடா பண்றே"ன்னு கேட்டீங்க. "அப்பா, மூணு முட்டை கீது, கையை எடுக்க முடியாது"ன்னார். நான் கட்டுக்கம்பி தேடிக் கட்டிலுக்கடியில பூந்துட்டேன். கம்பி கெடைக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. அது வரைக்கும் நளினிதான் சேர் ஆடாம புடிச்சுக்கினு நின்னா. ஒரு தடவை அவ சிரிக்கற மாதிரி சத்தம் கேட்டுச்சு, எனக்குத் தெரியும் அது அழுகைதான். கூட்டைக் கட்டி முடிச்சதும் அந்தப் பிள்ளை சட்டையைத் தட்டிக்கினு, "வரேங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் போனார். அப்படி ஒரு பிள்ளையை மருமகனா அடையக் குடுத்து வெக்கலியேன்னு அன்னிக்கு நான் துவைக்கிற கல்லு மேல உக்காந்து அழுதேன்.

தங்கள் பதில் வந்த அன்னிக்கே ரத்தினம்மா, "நீ இங்க இருந்தா இன்னும் எதனா பண்ணுவே, பத்து நாள் பேத்தமங்களாவுல என் தம்பி வீட்ல போய் கெட"ன்னு பஸ் ஏத்தி விட்டுட்டா. அங்க ஏரிக்கரையில வீடு. ஜன்னலைத் திறந்தா நீர்க்காக்கா, நாரை, மீன்கொத்தி. பத்து நாளும் நான் சுவத்தைப் பார்த்து உக்காந்திருந்தேன், எதையும் பார்க்கல. ரெண்டு மீன்கொத்தியை மட்டும் தெரியாம பார்த்துட்டேன். இன்னிக்குக் காலையில முதல் பஸ்ஸுல திரும்பி வந்தேன்.

வீட்டு நிலைமையைச் சொல்றேன், தங்களுக்கு இரக்கம் வரலாம். நளினி இன்னிக்கு லீவு, வீட்லதான் கீறா. என்னைத் திட்டுவான்னு பயந்துக்கினே வந்தேன், ஒரு வார்த்தை திட்டல, சும்மா சிரிச்சுக்கினே கீறா. பாத்திரம் கழுவறப்ப பாட்டு பாடறா. துக்கம் முத்திப்போய் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு பிலோமினா அம்மாகிட்ட கேக்கலாம்னு கீறேன். ரத்தினம்மாவும் ஒரு தினுசாத்தான் கீறா. பின்வாசல்ல புதுசா கால்மிதி வாங்கிப் போட்டிருக்கா. பின்வாசல்ல கோலம் வேற. கேட்டா, "உனக்கு இன்னாத்துக்கு"ங்கறா. ரெண்டு பொம்பளைங்க மனசையும் ஒடிச்சுட்டேன். டைம் ஆபீஸ்ல இருந்த காலத்துல ஒரு ஆளைக்கூடக் கீழ விட்டுட்டு நான் வீட்டுக்கு வந்ததில்ல. சொந்தப் பெண்ணை நடு ஷாஃப்ட்ல தொங்க விட்டுட்டு மேல வந்து உக்காந்துக்கினு கீறேன்.

ஆகையால் மனோகர் அவர்களே, கீழ்க்கண்டபடி உறுதி கூறுகிறேன். பறவை சங்காத்தம் இனிமேல் எனக்கு இல்லை. வந்ததிலிருந்து வாசல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை, கூடு இருக்கிறதா, பூனை தின்றுவிட்டதா என்றும் கேட்கவில்லை. புத்தகம் கண்ணில் படவில்லை, ரத்தினம்மா எடைக்குப் போட்டிருப்பாள், சந்தோஷம். பலகையை இன்று மாலைக்குள் சுவரிலிருந்து கழற்றிவிடுவேன். வருகிற ஞாயிறன்று தாங்கள் குடும்பத்தோடு மறுபடி ஒரு தடவை வரவேண்டும். முன்வாசல் இரண்டு கதவும் திறந்திருக்கும். அம்மாள் எந்தக் கலர் பட்டு வேண்டுமானாலும் கட்டலாம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். வேன்காரர் ஆரன் அடிக்கலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன், அல்லது திறக்கச் சொன்னால் திறப்பேன்.

தாங்கள் வராவிட்டாலும் கிரணுக்கு என் ஆசீர்வாதம். அந்தக் கைகளுக்கு ஒரு குறையும் வராது. வேறு நல்ல இடத்தில் பெண் அமைந்தால், கல்யாணத்துக்கு ஒரு ஓரமாக நின்று அட்சதை போட எனக்கு அனுமதி தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து, சாத்திய கதவுக்கு உள்புறம் காத்திருக்கும்
மு. சம்பங்கி (டைம் ஆபீஸ், ஓய்வு)

பின்குறிப்பு: மாலை ஏழே முக்கால். கடிதத்தை மடிச்சு வெச்சுட்டு, சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்னு திருப்புளியை எடுத்துக்கினு பலகையைக் கழட்டப் போனேன். நளினி பில்லைக்குப் பக்கத்துல, நான் அடிக்காத ஒரு ஆணி. அதுல புதுசா ஒரு பில்லை, பிஸ்கெட் டப்பாவுல வெட்டினது. 'கிரண்'னு கீறியிருக்கு. எழுத்து நளினியுது. கீழ என் நோட்டுல பத்து நாள் கணக்கு எழுதியிருக்கா. 'திங்கள், கிரண் உள்ளே 7.20, வெளியே 8.15. செவ்வாய், மூணும் பொரிஞ்சுது, கிரண் உள்ளே 7.10. ஞாயிறு, உள்ளே காலை 9, வெளியே மாலை 6, சாப்பாடு இங்கேயே.' கிரணுக்கும் பெங்களூர்லதானே வேலை, தினம் நளினி வர்ற அதே ரயில்ல ஏறி, குவார்ட்டர்ஸுக்கு இறங்காம மாரிகுப்பம் வரைக்கும் வந்து, பின்வாசல் வழியா குஞ்சு பார்க்க வந்திருக்கார். நான் ரத்தினம்மாவைப் பார்த்தேன். "அதுக்குத்தானே உன்னை பேத்தமங்களாவுக்கு அனுப்பினேன், நீ இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்கும் காக்கா கதைதான் சொல்லிக்கினு இருந்திருப்பே"ன்னா. புத்தகம் எடைக்குப் போகல, கிரண்கிட்ட கீது, மைனா பாடம் வரைக்கும் படிச்சிருக்கார். பறவை சங்காத்தம் இல்லைன்னு மேல எழுதினதையும், முன்வாசல் திறந்திருக்கும்னு எழுதினதையும் அடிச்சுப் படிக்கவும். குஞ்சுங்க பறக்க இன்னும் மூணு நாள் ஆவும், ஞாயித்துக்கிழமை வந்தா பின்வாசல்தான், கால்மிதி போட்டிருக்கு.

ஸ்டாம்பு ஒட்டல. இதைக் கொண்டுவர்றது, இன்னிக்கும் பின்வாசல் வழியா குஞ்சு பார்க்க வந்திருக்கற தங்கள் மகன்தான், எல்லாத்தையும் வீட்ல சொல்லிடறேன்னு கிளம்பி நிக்கறார். தயவுசெய்து அவரை முன்வாசல் வழியா உள்ள விடுங்க. அவர் பில்லை இப்ப ஆணியில இல்ல, அவர் சட்டைப் பையில கீது. திட்டறதெல்லாம் திட்டி முடிச்சதும் திருப்பி அனுப்பி வையுங்க. அவர் வந்து மாட்டற வரைக்கும் நான் ஜன்னலை மூட மாட்டேன்.